டேட்டா சென்டர் யாரைக் கேட்டு வர வேண்டும்? வடக்கு வர்ஜீனியாவின் மூன்று கவுன்ட்டிகளும் நான்கு வழிகளும்

அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில், லவுடன் கவுன்ட்டியைச் சேர்ந்த ஆஷ்பர்னில் வீடு வாங்க வரும் தமிழ்க் குடும்பங்கள் வழக்கமாக மூன்று கேள்வி கேட்பார்கள். பள்ளி எப்படி? மெட்ரோ எவ்வளவு தூரம்? வீட்டு உரிமையாளர் சங்கமான எச்.ஓ.ஏ.வின் மாதக் கட்டணம் எவ்வளவு? சில ஆண்டுகளாக நான்காவது கேள்வி ஒன்றும் சேர்ந்துகொண்டது. "பின்னாடி காலியா கிடக்குதே, அந்த இடத்துல என்ன வரப்போகுது?"

கேட்பவர் மனதில் இருப்பது டேட்டா சென்டர், அதாவது சர்வர் எனப்படும் கணினிகளை அடுக்கி இரவு பகலாக ஓட்டும் பெரிய கட்டடம். லவுடன் கவுன்ட்டியில் ஏறக்குறைய 200 டேட்டா சென்டர்கள் இயங்குகின்றன. உலகில் வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாக இவை இல்லை. நாம் அலுவலகத்தில் நாள் முழுக்கப் பேசும் கிளவுட், தரையில் கால் ஊன்றி நிற்கும் இடம் இதுதான். நம்மில் பலருக்குச் சம்பளம் தருவதும் அந்தத் தொழில். அதனால் 'டேட்டா சென்டரே கூடாது' என்று நான் எழுத வரவில்லை. அது எங்கே வரலாம், யாரைக் கேட்டு வரலாம், வந்தால் அந்தப் பணத்தை என்ன செய்யலாம் என்பவை கவுன்ட்டி எடுக்கும் முடிவுகள். லவுடனும், அதை ஒட்டிய ஃபேர்ஃபாக்ஸும் பிரின்ஸ் வில்லியமும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு பதில் சொல்லிப் பார்த்திருக்கின்றன. லவுடனை ஆளும் போர்டின் உறுப்பினர்களான சூப்பர்வைசர்கள், டேட்டா சென்டர் விதிகளைத் திருத்தும் வேலையின் இரண்டாம் கட்டத்தில் கை வைத்திருக்கிறார்கள். 2027 நவம்பரில் அந்தப் போர்டின் ஒன்பது இடங்களுக்கும் தேர்தல். எந்த வழியைக் கேட்டு நாம் வாதாட வேண்டும் என்று முடிவு செய்ய இதுவே சரியான நேரம்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். கவுன்ட்டி என்றதும் நம் மாவட்டம் நினைவுக்கு வரும். ஆனால் இங்கே கலெக்டர் கிடையாது. லவுடனில் கவுன்ட்டி முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தலைவர் ஒருவர், எட்டுத் தொகுதிகளுக்கு எட்டுப் பேர், ஆக ஒன்பது பேர் கொண்ட போர்டுதான் அரசு. வரி விகிதத்தை அவர்கள் வைக்கிறார்கள். பள்ளிக்கு உள்ளூர்ப் பணம் எவ்வளவு என்பதும் அவர்கள் கையில். பள்ளிக்கென்று தனிக் குழு தேர்ந்தெடுக்கப்பட்டாலும் அதற்கு வரி போடும் அதிகாரம் இல்லை. சாலைகள் பெரும்பாலும் மாநிலத்தின் பொறுப்பு. மின்பாதையை அனுமதிப்பது மாநிலத்தின் இன்னொரு ஆணையம். மாநிலச் சட்டம் வெளிப்படையாகக் கொடுத்த அதிகாரத்தைத் தாண்டி வர்ஜீனியாவில் ஒரு கவுன்ட்டியால் ஓரடி எடுத்து வைக்க முடியாது. இத்தனைக்கும் பிறகு போர்டிடம் மிஞ்சும் பெரிய அதிகாரம் ஒன்றுதான்: எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று சொல்வது. அதைத்தான் சோனிங் என்கிறோம்.

பணத்தைப் பேசாமல் இந்த ஒப்பீட்டைத் தொடங்கவே முடியாது.

லவுடனின் வீட்டு வரி 2010-ல் ஒவ்வொரு 100 டாலர் மதிப்புக்கும் 1.30 டாலராக இருந்தது. 2025-ல் அது 0.805. அதே 2025-ல் ஃபேர்ஃபாக்ஸின் அடிப்படை விகிதம் 1.1225, பிரின்ஸ் வில்லியமில் 0.906. எட்டு லட்சம் டாலர் மதிப்புள்ள ஒரு டவுன்ஹவுஸை மூன்று இடத்திலும் வைத்துப் பாருங்கள். லவுடனில் ஆண்டுக்கு 6,440 டாலர், பிரின்ஸ் வில்லியமில் 7,248, ஃபேர்ஃபாக்ஸில் 8,980. இது அடிப்படை விகிதத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. சிறப்பு வரிகள் தனி. லவுடனுக்கும் ஃபேர்ஃபாக்ஸுக்கும் இடையே 2,500 டாலருக்கு மேல் வித்தியாசம். இரண்டு பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கும் நீச்சலுக்கும் அனுப்பும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை.

இந்த வித்தியாசத்தின் பெரும் பங்கு டேட்டா சென்டருக்குள் இருக்கும் எந்திரங்களிலிருந்து வருகிறது. கட்டடத்துக்கு நிலவரி போக, உள்ளே அடுக்கியிருக்கும் சர்வர்களுக்கும் தனியாக வரி உண்டு. லவுடனில் அது 100 டாலர் மதிப்புக்கு 4 டாலருக்கும் மேல். சர்வர் வாங்கிய விலையில் ஒரு பங்கைத்தான் முதல் ஆண்டு மதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். பிறகு ஆண்டுதோறும் அது இறங்கும். ஆனால் நிறுவனங்கள் சில ஆண்டுக்கு ஒருமுறை பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவதால் வரி மறுபடி ஏறும். உள்ளே வேலை செய்பவர்கள் சில டஜன் பேர். அவர்களுக்காகப் பள்ளி கட்ட வேண்டாம், பேருந்து விட வேண்டாம். டேட்டா சென்டர்களுக்காகக் கவுன்ட்டி செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 26 டாலர் வருவாய் திரும்புகிறது என்று லவுடனின் பொருளாதார வளர்ச்சித் துறை சொல்லி வந்திருக்கிறது. 1990-ல் 86,000 பேர் இருந்த கவுன்ட்டி 2020-ல் 4,20,000 பேரைத் தாண்டியது. அத்தனை குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் பள்ளி கட்டிய பணத்தில் இந்தச் சர்வர்களுக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் அந்த 1.30-லிருந்து 0.805-க்கான இறக்கத்தைப் பார்த்து மயங்கவும் கூடாது. விகிதம் இறங்கிய அதே ஆண்டுகளில் வீட்டின் மதிப்பு ஏறியது. கையில் வரும் பில் அந்த அளவுக்கு இறங்கவில்லை என்பது இங்கே பத்தாண்டு வீடு வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். இன்னொன்று, சர்வர் வரி ஏறி இறங்கும் வருமானம். 2021-ல் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 6 கோடி டாலர் குறைந்து, கவுன்ட்டி வரவு செலவில் துண்டு விழுந்தது. நிறுவனங்கள் எந்திரம் மாற்றுவதைச் சற்றே தள்ளிப்போட்டாலும் நம் பள்ளி பட்ஜெட் ஆட்டம் காணும். ஒரே பயிரை நம்பிய ஊரின் நிலைமை இது. மழை பெய்யும்வரை களஞ்சியம் நிறையும்.

இனி நான்கு வழிகளையும் பார்ப்போம்.

முதல் வழி: லவுடன் 2025 வரை போன பாதை

இங்கே இதை 'பை-ரைட்' என்பார்கள். நிலத்தின் சோனிங் வகையில் டேட்டா சென்டர் அனுமதிக்கப்பட்ட பயன்பாடாக இருந்தால் போதும். நில உரிமையாளர் வரைபடம் கொடுப்பார், அதிகாரிகள் விதிப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், பொருந்தினால் கையெழுத்து. போர்டில் வாக்கெடுப்பு கிடையாது. பொதுமக்கள் கருத்துக்கேட்பும் கிடையாது. அக்கம்பக்கத்தில் இருப்பவருக்கு முதல் தகவல் புல்டோசர் வழியாகத்தான் வரும்.

தொழில் இங்கே குவிந்ததற்கு 1990-களின் இணைய இணைப்பு மையங்கள், வாஷிங்டனின் டல்லஸ் (Dulles) விமான நிலையத்தைச் சுற்றிய சமநிலம், தரைக்கடியில் ஏற்கெனவே ஓடிய ஃபைபர், எந்திரம் வாங்கினால் மாநிலம் தரும் விற்பனை வரி விலக்கு என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் எத்தனை மாதத்தில் அனுமதி கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த இந்த வழியும் முக்கியமான காரணம். பல கோடி டாலர் போடுபவருக்கு நிச்சயம் என்பது பெரிய விஷயம். இதே பாதையில்தான் மேலே சொன்ன வரி வருவாயும் வளர்ந்தது.

இதன் விலையை வேறொருவர் கொடுத்தார். என் நண்பர் ஒருவரின் வீட்டு வேலிக்கு அப்பால் மரங்கள் இருந்தன. வாங்கும்போது முகவர் அதைக் காட்டித்தான் பேசினார். மரம் போய்க் கட்டடம் வந்த பிறகு, இரவு பதினொரு மணிக்கு மேல் அவர் வீட்டுப் படுக்கையறையில் நின்று கேட்டிருக்கிறேன். பெரிய சத்தமில்லை. தூரத்தில் லாரி ஒன்று என்ஜினை அணைக்காமல் நிற்பதுபோல ஒரு உறுமல். லாரி என்றால் ஒரு நேரம் கிளம்பிப் போய்விடும். இது போவதில்லை. அவர் மனைவி, 'இதுக்கு நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே' என்றார். கேட்கச் சொல்லி எந்த விதியும் அப்போது இல்லை.

இரண்டாம் வழி: பிரின்ஸ் வில்லியத்தின் பெருந்தாவல்

லவுடன் 4 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தபோது பிரின்ஸ் வில்லியம் சர்வர் வரியை 1.25 டாலரில் வைத்து நிறுவனங்களை அழைத்தது. பிறகு படிப்படியாக ஏற்றி 2024-ல் 3.70 ஆக்கியது. வரியை ஏற்றினால் ஓடிவிடுவார்கள் என்ற பயம் எவ்வளவு மிகைப்படுத்தப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஏற்றிய பிறகும் விண்ணப்பங்கள் வந்துகொண்டேதான் இருந்தன.

அந்தக் கவுன்ட்டியை எல்லோரும் நினைவில் வைத்திருப்பது 'டிஜிட்டல் கேட்வே' திட்டத்துக்காக. ஊர் முழுக்கத் தெளித்ததுபோல் கட்டாமல், பேஜ்லேண்ட் லேன் சாலை ஓரமாக 2,100 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை ஒரே தொகுப்பாக ஒதுக்குவது என்பது யோசனை. கேட்கும்போது நியாயமாகவே படும். ஒரே இடத்தில் குவித்தால் மற்ற இடங்கள் தப்பும். அந்த நிலத்துக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. உயர் அழுத்த மின்பாதைகள் ஏற்கெனவே அவர்கள் நிலத்தைக் கிழித்துக்கொண்டு போயிருந்தன. கிராமத்து அழகு என்று மற்றவர்கள் சொன்னது அவர்களுக்குப் பழைய கதை. பல மடங்கு விலைக்கு ஆள் வரும்போது விற்காதே என்று நான் எந்த வாயால் சொல்வது?

ஆனால் பக்கத்திலேயே மனாசஸ் போர்க்களப் பூங்கா இருக்கிறது. உள்நாட்டுப் போரில் 1861-லும் 1862-லும் இரண்டு பெரும் போர்கள் நடந்த மண். வரலாற்று ஆர்வலர்களும் பக்கத்துக் குடியிருப்பினரும் சேர்ந்து நின்றார்கள். அதே கவுன்ட்டியில் கிரேட் ஓக் குடியிருப்பில் 2022-ல் இரவு உறுமல் பற்றி எழுந்த புகார்கள் எல்லோர் காதிலும் இருந்தன. 2023 ஜூன் உட்கட்சித் தேர்தலில் திட்டத்தை ஆதரித்த போர்டு தலைவர் ஆன் வீலர், அதை எதிர்த்த டெஷண்ட்ரா ஜெஃபர்சனிடம் தோற்றார். புதிய போர்டு பதவியேற்கச் சில வாரங்களே இருந்த நிலையில், பழைய போர்டு 2023 டிசம்பரில் 27 மணி நேரம் நீண்ட கூட்டத்தின் முடிவில் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நான்கு பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு, ஒருவர் வாக்களிக்கவில்லை.

விடிய விடிய மக்கள் பேசினார்கள். ஆயினும் 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த ஒப்புதலைச் செல்லாததாக்கியது. திட்டம் நல்லதா கெட்டதா என்ற ஆராய்ச்சிக்குள் நீதிபதி போகவில்லை. கூட்டத்துக்கு முன் சட்டப்படி செய்தித்தாளில் வர வேண்டிய அறிவிப்பு முறையாக வரவில்லை என்பதே காரணம். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2,100 ஏக்கர், பல்லாயிரம் கோடி டாலர் கனவு, ஒரு பத்திரிகை விளம்பரத்தில் தடுக்கி நின்றது. இதைச் சிலர் தொழில்நுட்பக் கோளாறு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறிவிப்பு என்பதுதான் கருத்துக்கேட்பின் உயிர். எப்போது கூட்டம் என்றே தெரியாதவனுக்குப் பேசும் உரிமை இருந்து என்ன பயன்?

இந்த வழியின் அடிப்படைக் குறை அளவுதான். ஒரே வாக்கெடுப்பில் ஒரு தலைமுறைக்கான நிலத்தைத் தீர்மானிக்கிறது. தவறினால் திருத்த வழியில்லை.

மூன்றாம் வழி: ஃபேர்ஃபாக்ஸின் அளவுகோல்

ஃபேர்ஃபாக்ஸில் நிலம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. டேட்டா சென்டர்களும் லவுடனோடு ஒப்பிடக் கொஞ்சம்தான். ப்ரென் மார் பார்க் குடியிருப்பை ஒட்டிய இடத்துக்கு பை-ரைட் திட்டம் ஒன்று வந்தபோது கிளம்பிய எதிர்ப்பு, 2024 செப்டம்பரில் புதிய விதிகளாக முடிந்தது. குடியிருப்பு மனையின் எல்லையிலிருந்து குறைந்தது 200 அடி தள்ளியே கட்டடம் வர வேண்டும். மெட்ரோ நிலைய வாசலிலிருந்து ஒரு மைல் சுற்றளவுக்குக் கட்டுப்பாடு. கட்டுவதற்கு முன்னும் பின்னும் இரைச்சல் ஆய்வு. இந்த அளவுகளுக்குள் அடங்குவதைச் சில தொழில் மண்டலங்களில் அதிகாரிகளே அனுமதிக்கலாம். மற்றவை போர்டுக்குப் போக வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது தெளிவு. 200 அடி என்பது ஏழை வீட்டுக்கும் பணக்கார வீட்டுக்கும் ஒரே 200 அடி. கூட்டம் கூட்டி வக்கீல் வைத்துப் போராட முடியாத அடுக்குமாடி வாடகைக்காரருக்கும் அது காவல். மெட்ரோ விதியும் அறிவுள்ளது. 2022 நவம்பரில் சில்வர் லைன் ஆஷ்பர்ன் வரை வந்தது. அத்தனை செலவழித்துப் போட்ட ரயில் நிலையத்தின் பக்கத்தில், ஆட்கள் வராத கட்டடத்தை நிறுத்துவது பெரும் வீண். வீடும் கடையும் வர வேண்டிய இடம் அது.

குறை, 200 அடி போதுமா என்பதுதான். தாழ்ந்த அதிர்வெண் கொண்ட உறுமல் 200 அடியில் கரைந்துவிடாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபேர்ஃபாக்ஸுக்கு லவுடன் அளவு சர்வர் வரி இல்லை. கட்டுப்பாடு வைப்பது அவர்களுக்குச் சுலபம், இழக்க அதிகமில்லை. அதன் மறுபக்கமாக, 2016-ல் வாக்காளர்கள் நிராகரித்த உணவக வரியை, மாநிலச் சட்டம் மாறிய பிறகு, 2025-ல் போர்டே நிறைவேற்றியது. 2026 ஜனவரியிலிருந்து அங்கே ஹோட்டலில் மசாலா தோசை சாப்பிட்டால் பில்லில் 4 சதவீதம் கூடுதல். டேட்டா சென்டரைக் குறைத்தால் பணம் வேறெங்கிருந்தோ வந்தாக வேண்டும் என்பதைத் தோசைக் கல் வரை பார்க்கலாம்.

நான்காம் வழி: ஒவ்வொன்றுக்கும் கருத்துக்கேட்பு

விதித் திருத்தத்தின் முதல் கட்டமாக, 2025 மார்ச்சில் லவுடன் போர்டு பை-ரைட்டை நீக்கியது. இனிப் புதிய டேட்டா சென்டர் எதுவானாலும் 'ஸ்பெஷல் எக்செப்ஷன்' என்ற சிறப்பு அனுமதி கேட்டு வர வேண்டும். திட்டக்குழுவில் ஒரு கருத்துக்கேட்பு, போர்டில் ஒரு கருத்துக்கேட்பு, பிறகு வாக்கெடுப்பு. நிபந்தனை போடலாம்: உயரம், மறைப்பு மரங்கள், டீசல் ஜெனரேட்டர் சோதனை நேரம், இரைச்சல் வரம்பு. ஏற்கெனவே வரிசையில் இருந்த விண்ணப்பங்கள் சிலவற்றுக்கு விலக்குக் கிடைத்தது. அதனால் இன்னும் சில ஆண்டுகள் பழைய வழியில் அனுமதி பெற்ற கட்டடங்கள் எழும்புவதைப் பார்ப்போம். புதிய விதி தோற்றுவிட்டது என்று அதைப் பார்த்து யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

இந்த வழியின் பலவீனங்களையும் அறிந்தே ஆதரிக்கிறேன். ஒன்பது பேரின் மனநிலையைப் பொறுத்து முடிவு மாறும். இன்று ஒருவருக்குக் கொடுத்ததை நாளை இன்னொருவருக்கு மறுத்தால் அதற்கான காரணத்தைச் சொல்ல முடியாமல் திணறுவார்கள். கருத்துக்கேட்புக்கு வர நேரமுள்ளவர் குரல் ஓங்கும். மாலை ஆறு மணிக்குப் போர்டு கூடும் லீஸ்பர்க் போய் உட்கார, சின்னக் குழந்தை வைத்திருப்பவராலும் இரவுப் பணி செய்பவராலும் முடியாது. இன்னொரு கவலையும் உண்டு. டேட்டா சென்டரை எதிர்க்க வருபவர்களில் ஒரு சாரார், அடுத்த மாதம் அடுக்குமாடிக் குடியிருப்பை எதிர்க்கவும் அதே மைக்கில் நிற்கிறார்கள். ஆசிரியரும் நர்சும் இந்தக் கவுன்ட்டியில் வீடு வாங்க முடியாமல் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து காரோட்டி வருகிறார்கள். டேட்டா சென்டர்காரர்கள் ஏக்கருக்குப் பல மில்லியன் டாலர் தரத் தயாராக இருக்கும் ஊரில் வீடு கட்டுபவருக்கு நிலம் கிடைப்பதே அரிது. கருத்துக்கேட்பு இந்த இரண்டுக்கும் ஒரே தடையாக மாறிவிடக் கூடாது.

இருந்தும் ஏன் இதை ஆதரிக்கிறேன் என்றால், நம்மவர்கள் நிலைமைதான் காரணம்.

ஆஷ்பர்ன், பிராம்பிள்டன், ஆல்டி, சவுத் ரைடிங் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கணிசமானோர் இன்னும் எச்-1பி விசாவில் இருக்கிறார்கள், அல்லது கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறார்கள். வீடு வாங்கியாகிவிட்டது. வரி கட்டுகிறார்கள். பிள்ளைகள் இங்கேயே பிறந்து பள்ளி போகிறார்கள். ஆனால் வாக்கு இல்லை. பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு காத்திருந்தும் வாக்கு இல்லை. சூப்பர்வைசரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அவர்கள் வெளியே நிற்கிறார்கள். கருத்துக்கேட்பு மைக் மட்டும் குடியுரிமை கேட்பதில்லை. பெயர் கொடுத்தால் பேசலாம். பேசுவது பதிவாகிறது. பை-ரைட் முறை வாக்குள்ளவரிடமிருந்து பறித்தது ஒரு வாய்ப்பை. வாக்கில்லாதவரிடமிருந்து அது பறித்தது இருந்த ஒரே வாய்ப்பை.

நானும் அப்படி ஒருமுறை பேசினேன். குடியுரிமை வருவதற்கு முன். கொடுத்த சில நிமிடங்களில் பாதியை நாக்கு உலர்ந்தே கழித்தேன். ஊரில் குடியரசு நாளன்று கிராம சபைக் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி பற்றி எழுந்து கேட்ட என் பெரியம்மாவை அன்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தீர்மானப் புத்தகத்தில் தன் கேள்வி எழுதப்பட்டதா என்று செயலரைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

கவுன்ட்டியின் கைக்கு எட்டாதது

மின்சாரம் பற்றிக் கோபப்படுபவர்கள் பெரும்பாலும் தவறான வாசலில் நிற்கிறார்கள். மாநிலச் சட்டமன்றத்தின் ஆய்வு அமைப்பான ஜேலார்க் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, தடையின்றி வளர விட்டால் வர்ஜீனியாவின் மின் தேவை பத்தாண்டுக்குள் இரட்டிப்பாகும். இங்கே மின்சாரம் தரும் டொமினியன் நிறுவனத்தின் சாதாரண வீட்டு மின் கட்டணம் 2040-க்குள், விலைவாசி உயர்வு போக, மாதம் 14 முதல் 37 டாலர் வரை கூடலாம். இதைத் தடுக்கும் சாவி மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் இருக்கிறது. 25 மெகாவாட்டோ அதற்கு மேலோ இழுக்கும் பயனாளிகளுக்குத் தனிக் கட்டண வகுப்பை, மின்பாதைகளை அனுமதிக்கும் மாநில ஆணையம் 2025 நவம்பரில் ஏற்றது. 2027-ல் அது நடைமுறைக்கு வருகிறது. ஆஸ்பென்–கோல்டன் என்ற உயர் அழுத்த மின்பாதையை லவுடனின் லேன்ஸ்டவுன் குடியிருப்பு அருகே பூமிக்கடியில் போடச் சொல்லி மக்கள் கேட்டபோதும், கோபுரங்கள் வழியாகவே போகட்டும் என்று முடிவெடுத்தது அதே ஆணையம்.

ஆனால் ஒன்று. கவுன்ட்டி அனுமதிக்கும் ஒவ்வொரு கட்டடமும் நாளை ஒரு மின்பாதையைக் கேட்கும். மின்பாதையை மறுக்கும் அதிகாரம் போர்டுக்கு இல்லை. அந்தத் தேவையை உண்டாக்கும் கட்டடத்தை மறுக்கும் அதிகாரம் உண்டு. விண்ணப்பம் வரும் நாளிலேயே 'இதற்கு மின்சாரம் எந்த வழியாக வரும்?' என்று கேட்க, நான்கு வழிகளில் கடைசி வழியில்தான் நிச்சயமான இடம் இருக்கிறது.

என் தேர்வு

இரண்டாம் கட்ட விதிகளுக்கு எழுதி அனுப்பப்போவதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். ஃபேர்ஃபாக்ஸின் தூர அளவு அடித்தளமாக இருக்கட்டும், ஆனால் 200 அடியைவிடக் கூடுதலாக. அதைக் குறைக்கப் போர்டுக்கும் அதிகாரம் வேண்டாம். அதன் மேல் லவுடனின் கருத்துக்கேட்பு நிற்கட்டும். அப்படிச் செய்தால் கூட்டத்துக்கு வர முடியாதவரை அளவுகோல் காக்கும். அளவுகோலுக்குள் அடங்காத கவலையை மைக் காக்கும். இரைச்சலைப் பகலில் மட்டும் அளக்காமல் நள்ளிரவிலும், உறுமல் பிடிபடும் கருவியாலும் அளக்க வேண்டும். பழைய கட்டடத்தை இடித்துப் பெரிதாகக் கட்டுவதும் புதியது போலவே கருத்துக்கேட்புக்கு வர வேண்டும். ஆஷ்பர்ன், லவுடன் கேட்வே மெட்ரோ நிலையங்களைச் சுற்றி இன்னும் மிஞ்சியிருக்கும் நிலத்தை வீட்டுக்கென்றே ஒதுக்க வேண்டும். அங்கே வீடு கட்ட வருபவருக்கு பை-ரைட் கொடுத்தாலும் நான் எதிர்க்க மாட்டேன்.

பணத்தில் எனக்கும் என் நண்பர்கள் சிலருக்கும் ஒத்துப்போகவில்லை. வரி விகிதத்தை இன்னும் இறக்க வேண்டும் என்கிறார்கள் அவர்கள். 0.805 போதும், அதற்குக் கீழே இறக்க வேண்டாம் என்பது என் பக்கம். சர்வர் பணம் நிறைய வரும் ஆண்டில் விகிதத்தை இறக்கினால், குறையும் ஆண்டில் ஏற்றியாக வேண்டும். ஏற்றத் துணியும் போர்டு உறுப்பினரை நான் இதுவரை பார்த்ததில்லை. கூடுதலாக வருவதைப் பள்ளிக் கட்டடம், நிலம் வாங்குவது போன்ற ஒருமுறைச் செலவுக்கு வைத்தால் பணம் வற்றும் ஆண்டில் ஆசிரியர் சம்பளத்தில் கை வைக்க நேராது. இது குடும்பச் செலவில் தெரியும் பணம் என்று அவர்கள் சொல்வதும் உண்மைதான். அதைத் தெரிந்தேதான் சொல்கிறேன்.

பிரின்ஸ் வில்லியத்தின் வழியை மட்டும் எந்த வடிவத்திலும் கேட்க மாட்டேன். மேற்கு லவுடனில் மண் சாலையும் பண்ணையும் திராட்சைத் தோட்டமும் மிச்சமிருக்கின்றன. 'அங்கே ஒரே இடமாக ஒதுக்கிவிடலாம்' என்று ஒருநாள் யாராவது வரைபடத்தை விரிப்பார்கள். அன்று கிழக்கில் வாழும் நாம், நம் வேலியிலிருந்து தள்ளிப் போகிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

போன வாரம் ஆல்டி பக்கம் டவுன்ஹவுஸ் பார்த்த ஒரு தம்பி அதே நான்காவது கேள்வியோடு கூப்பிட்டார். பின்னால் இருக்கும் நிலத்தின் சோனிங் எண்ணைக் கவுன்ட்டி வரைபடத்தில் எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். கூடவே, அந்த மனையின் சாலை ஓரத்தில் கருத்துக்கேட்பு அறிவிப்புப் பலகை ஏதாவது நட்டிருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் படம் அனுப்பினார். புல்லுக்குள் சாய்ந்திருந்த ஒரு பலகை, விண்ணப்ப எண், கூட்டத் தேதி. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "அண்ணா, நான் இன்னும் வீடே வாங்கல, வாடகைக்குத்தான் இருக்கேன். விசாவுலதான் இருக்கேன். நான் போய்ப் பேசலாமா?"

பேசலாம் என்று பதில் போட்டேன். அந்தத் தேதியில் நானும் வருகிறேன்.